தாடிக்கார எபர்ஹார்டின் குடும்பத்தைத் தேடி ஒரு நாள்: ஊராக் – ட்யூபிங்கன் வழிகாட்டு நடை பற்றிய மதிப்புரை

தெற்கு ஜெர்மனியில் உள்ள பாட் ஊராக் நகரின் சந்தைச் சதுக்கத்தில் காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கி, மாலை ஐந்தரை மணிக்கு ட்யூபிங்கன் நகரின் ஷ்டிஃப்ட்ஸ்கிர்ஹே தேவாலயத்தில் நிறைவுறும் ஒருநாள் வழிகாட்டு நடையில் சென்ற இலையுதிர்காலத்தில் கலந்துகொண்டேன். பதினைந்தாம் நூற்றாண்டில் வுர்ட்டம்பெர்க் நாட்டை ஆண்ட எபர்ஹார்ட் என்ற பிரபுவின் வாழ்க்கையை, அவர் பிறந்த ஊரில் தொடங்கி அவரது கல்லறை வரை நடந்தே சொல்வதுதான் இந்தச் சேவை. இரண்டே பேர் நடத்தும் சிறு முயற்சி என்பதாலும், குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும், நடத்துபவர்களின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இதே பாதையில் வேறு வழிகாட்டியுடனோ தாமாகவோ செல்வோருக்கும் எங்கே நிற்க வேண்டும், எதைக் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இக்குறிப்பு பயன்படும் என்று நம்புகிறேன்.

கட்டணம் ஒருவருக்கு 78 யூரோ. அரண்மனை நுழைவுச்சீட்டும் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான சிற்றுந்துப் பயணமும் அதில் அடங்கும். மதிய உணவு அடங்காது. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தோம். வழிகாட்டி ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார். இரு மொழியிலும் ஒன்றையே திரும்பச் சொல்லாமல், ஒரு மொழியில் விட்டதை மறு மொழியில் நிரப்பிக்கொண்டே போனதால் இரண்டும் ஓரளவு தெரிந்தவர்களுக்கு மிகுந்த பயன் கிடைத்தது. ஒரு மொழி மட்டும் அறிந்தவர்கள் ஆங்காங்கே இடறியதையும் பார்த்தேன்.

ஒரு பிரபுவின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் போர், பட்டம், கோட்டை என்ற வரிசையிலேயே சொல்வார்கள். இந்த நடை அவரது குடும்பத்திலிருந்து தொடங்கியது என்பதே அதன் முதற்சிறப்பு. ஊராக் அரண்மனையின் வாசலில் நின்று வழிகாட்டி முதலில் கேட்ட கேள்வி, இவ்வளவு சிறிய பள்ளத்தாக்கு ஊரில் ஏன் ஓர் அரண்மனை என்பதுதான். விடை ஒரு பாகப்பிரிவினையில் இருக்கிறது. 1442-இல் லுட்விக், உல்ரிஹ் என்ற இரு சகோதரர்கள் வுர்ட்டம்பெர்க் நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். உல்ரிஹுக்கு ஷ்டுட்கார்ட் பக்கம். லுட்விக்குக்கு ஊராக் பக்கம். தலைநகர் இல்லாத பாதியைப் பெற்ற அண்ணன், எர்ம்ஸ் ஆற்றங்கரையில் தமக்கென ஒரு தலைநகரை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கீழே கல்லும் மேலே மரச்சட்டங்களுமாக இன்றும் நிற்கும் அந்த அரண்மனை அப்படி எழுந்ததே. அங்கே 1445 டிசம்பர் 11 அன்று எபர்ஹார்ட் பிறந்தார்.

அவருக்கு ஐந்து வயது நிறையும் முன்பே, 1450-இல், தந்தை லுட்விக் இறந்துவிட்டார். மூத்த மகனான இரண்டாம் லுட்விக் பெயரளவில் பட்டத்துக்கு வந்தார். வலிப்புநோயால் துன்புற்ற அந்த இளைஞரும் 1457-இல் இறந்துபோனார். பன்னிரண்டு வயது நிறையாத எபர்ஹார்ட் வாரிசானார். அந்தச் சிறுவனுக்குக் காப்பாளராக இருப்பது யார் என்பதில், ஷ்டுட்கார்ட்டிலிருந்த சித்தப்பா உல்ரிஹுக்கும் பலட்டினேட் நாட்டை ஆண்ட தாய்மாமன் பிரீட்ரிஹுக்கும் போட்டி. சித்தப்பாவும் தாய்மாமனும் ஒரு சிறுவனை முன்னிறுத்தி மோதிக்கொள்ளும் இந்தக் காட்சியை விளக்க எனக்கு எந்த அடிக்குறிப்பும் தேவைப்படவில்லை. 1459-இல், பதினான்கு வயதில், அவர் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

இங்கே வழிகாட்டி தாயார் மெக்டில்டைப் பற்றி ஏறத்தாழ அரைமணி நேரம் பேசினார். அன்றைய நாளின் மிகச் சிறந்த பகுதி அதுவே என்பேன். 1419-இல் பலட்டினேட் அரசகுடும்பத்தில் பிறந்த மெக்டில்ட், கணவர் இறந்த இரண்டாண்டுகளில் ஆஸ்திரியாவின் ஆறாம் ஆல்பிரெஹ்டை மணந்துகொண்டார். அந்தக் கணவர்தான் 1457-இல் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். 1463-இல் அவரும் மறைந்தபின், ரோட்டன்புர்கில் தம் அரசவையை நடத்திய மெக்டில்ட், எழுத்தாளர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் அங்கே கூட்டிவைத்து ஆதரித்தார். பின்னாளில் மகன் ஒரு பல்கலைக்கழகம் நிறுவியதை இந்தத் தாயின் வாழ்க்கையைச் சொல்லாமல் விளங்கவைக்க முடியாது. பல ஊர்களில் இப்பிரபுவின் பெயர் பொறித்த பலகைகளை நான் பார்த்திருக்கிறேன்; அவற்றில் தாயின் பெயருக்கு இடம் கிடைப்பது அரிது. அந்த வகையில் இந்தச் சேவை எனக்கு ஒரு கடனைத் தீர்த்துவைத்தது போலிருந்தது.

அடுத்து நிகழ்ந்ததை நான் சற்றும் எதிர்பார்த்திருக்கவில்லை. எபர்ஹார்டுக்கு லத்தீன் தெரியாது. அக்காலத்து அறிவெல்லாம் லத்தீனில் இருந்ததால், தாம் படிக்க விரும்பிய நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தரும்படி அவர் அறிஞர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவற்றுள் ஒன்றின் நகல் பக்கத்தை வழிகாட்டி பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மெக்டில்டின் அரசவையைச் சேர்ந்த அன்டோனியுஸ் ஃபோன் ஃபோர் என்ற பாதிரியார் மொழிபெயர்த்த கதைத்தொகுப்பு அது. நரிகள் இரண்டு, சிங்கம், எருது என்று அவர் கதையைச் சொல்லத் தொடங்கியதும் எனக்குப் புரிந்துவிட்டது: அது நம் பஞ்சதந்திரம். சமஸ்கிருதத்திலிருந்து பாரசீகத்தின் பழைய மொழியான பஹ்லவிக்கும், அதிலிருந்து எட்டாம் நூற்றாண்டில் அரபிக்கும், அரபியிலிருந்து எபிரேயத்துக்கும், பின் கப்புவா நகர யோவானின் கைவண்ணத்தில் லத்தீனுக்கும் சென்ற அந்தக் கதைகள், கரடகனும் தமனகனும் பெயர் மாறி வேடம் மாறி, இறுதியில் ஊராக் பள்ளத்தாக்கில் லத்தீன் அறியாத ஓர் இளம் பிரபுவின் கைக்கு ஜெர்மன் மொழியில் வந்துசேர்ந்திருக்கின்றன. நூலின் பகுதிகளுடைய முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் எபர்ஹார்டின் பெயரும் அவரது விருதுமொழியும் வரும்படி மொழிபெயர்ப்பாளர் அமைத்திருக்கிறார். 1480-ஐ ஒட்டி அந்த நூல் அச்சேறியதும் இதே ஊராக்கில்தான். கொன்ராட் ஃபீனர் என்ற அச்சகர் அதை அச்சிட்டார். பாட்டி சொல்லக் கேட்ட கதையை, அரண்மனை முற்றத்தில் ஓர் ஜெர்மானிய ஆசிரியை சொல்லக் கேட்டபோது என் கண் கலங்கியதை மறைக்க விரும்பவில்லை.

அரண்மனைக்குள் இரண்டு கூடங்களே இந்த நடைக்கு முக்கியமானவை. முதலாவது பனைக்கூடம். 1468-இல் எபர்ஹார்ட் எருசலேமுக்குப் புனிதப்பயணம் சென்று, அங்கே திருக்கல்லறையின் வீரராகப் பட்டம் பெற்றுத் திரும்பினார். அந்தப் பயணத்தின் நினைவாகவே பேரீச்ச மரத்தைத் தம் சின்னமாகவும், 'துணிந்து முயல்கிறேன்' என்று பொருள்படும் 'அட்டெம்ப்டோ' என்ற சொல்லைத் தம் விருதுமொழியாகவும் கொண்டார் என்று சொல்லப்படுகிறது. அப்போது வளர்த்த தாடியை மழிக்காமல் விட்டதனாலேயே 'தாடிக்கார எபர்ஹார்ட்' என்ற பெயர் நிலைத்தது என்பதும் மரபுவழிச் செய்தி. சுவரெங்கும் அந்த மரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றோடு அவருடைய முன்னோர்களின் குலச்சின்னங்கள். தந்தைவழி, தாய்வழி என்று இரு பக்கத்து மூதாதையரையும் சுவரில் வரிசைப்படுத்தி, தம் பிறப்பின் தகுதியை வருவோர் போவோர் அனைவருக்கும் அறிவித்திருக்கிறார். ஒரு குடும்பமரத்தைத் தாளில் பார்ப்பதற்கும், அதன் நடுவே நின்று தலையை உயர்த்திப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இக்கூடத்தில் உணரலாம். வழிகாட்டி இங்கே எங்களைப் பத்து நிமிடம் பேசாமல் சுற்றிப் பார்க்கவிட்டார், நல்ல முடிவு.

இரண்டாவது பொற்கூடம். 1474-இல் எபர்ஹார்டுக்கும், இத்தாலியின் மான்டுவா நகரை ஆண்ட கொன்ஸாகா குடும்பத்துப் பார்பராவுக்கும் நடந்த திருமணத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கூடம் இது. இன்று காணும் பொன் அலங்காரம் பெரும்பாலும் 1610-ஐ ஒட்டிச் செய்யப்பட்டது என்பதை வழிகாட்டி ஒளிக்காமல் சொன்னது பாராட்டுக்குரியது. ஆனால் இங்கேதான் நடை தொய்ந்தது. திருமண விருந்தில் என்ன பரிமாறப்பட்டது, ஆயிரக்கணக்கில் வந்த விருந்தினர்களை எங்கே தங்கவைத்தார்கள், ஊற்றில் மதுவை ஓடவிட்டது எப்படி என்பதிலேயே முப்பது நிமிடம் கழிந்தது. எங்களுக்குத் தந்திருந்த காதொலிக் கருவிகளில் மூன்று அந்த நேரத்தில் வேலைசெய்யாமல் போக, பின்வரிசையில் இருந்தவர்கள் எதையும் கேட்க முடியாமல் நின்றார்கள். மாற்றுக் கருவிகள் கொண்டுவரப்பட்டிருக்கவில்லை.

விருந்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதியையாவது மணமகளுக்குக் கொடுத்திருக்கலாம். கணவரைவிடப் பத்து வயது இளையவரான பார்பரா, ஐரோப்பாவின் மிகப் பண்பட்ட அரசவைகளுள் ஒன்றிலிருந்து வந்தவர். மான்டுவா அரண்மனையில் ஓவியர் மான்தேஞா தீட்டிய புகழ்பெற்ற குடும்பச் சுவரோவியத்தில், பெற்றோரின் அருகே நிற்கும் இளம்பெண் இவரே என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அந்த ஓவியம் நிறைவெய்திய அதே 1474-ஆம் ஆண்டில் அவர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, தம் மொழி பேசாத ஊருக்கு வந்துசேர்ந்தார். மறு ஆண்டில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அதற்கும் பார்பரா என்றே பெயரிட்டார்கள். சில மாதங்களிலேயே குழந்தை இறந்துவிட்டது. அதன்பின் அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எபர்ஹார்டுக்குத் திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள்; ஆனால் அவர்கள் பட்டத்துக்கு உரியவர்கள் அல்லர். கணவர் இறந்தபின் பார்பரா பொப்லிங்கனில் கைம்பெண்ணாக வாழ்ந்து 1503-இல் மறைந்தார். அவர் பிறந்த வீட்டோடு நடத்திய கடிதப் போக்குவரத்து ஆவணங்களில் எஞ்சியிருக்கிறது. இந்தச் செய்திகளில் குழந்தையின் இறப்பை மட்டுமே வழிகாட்டி ஒரு தொடரில் குறிப்பிட்டார். மற்றவற்றை நான் முன்பே படித்திருந்ததால் அறிவேன். வாரிசில்லாமை என்ற ஒன்றுதான் எபர்ஹார்டின் பிற்கால அரசியல் முழுவதையும் வழிநடத்தியது. அதை இக்கூடத்திலேயே விதைத்திருந்தால், பிற்பகலில் சொன்ன ஒப்பந்தங்கள் எல்லாம் எல்லோருக்கும் எளிதில் விளங்கியிருக்கும்.

அரண்மனையை அடுத்துள்ள புனித அமாண்டுஸ் தேவாலயத்தில் 1472-ஆம் ஆண்டுத் தேதியிட்ட அவரது வழிபாட்டு இருக்கையைப் பார்த்தோம். மரச்செதுக்கு வேலையின் நுணுக்கம் வியக்கத்தக்கது. அங்கே கால்மணி நேரம் போதுமானதாக இருந்தது.

சிற்றுந்தில் ட்யூபிங்கன் செல்லும் வழியில் அரசியல் பகுதி சொல்லப்பட்டது. 1482 டிசம்பரில் கையெழுத்தான ம்யூன்சிங்கன் ஒப்பந்தத்தின்படி, சித்தப்பா மகனான இளைய எபர்ஹார்ட் தம் பங்கை விட்டுக்கொடுக்க, நாற்பதாண்டுகள் பிரிந்திருந்த நாடு மீண்டும் ஒன்றாகி, நம் எபர்ஹார்டின் ஆட்சியின்கீழ் வந்தது. தலைநகர் ஷ்டுட்கார்ட்டுக்கு மாறியது. 1495-இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசவையில், மாக்ஸிமிலியன் அரசர் வுர்ட்டம்பெர்க்கை டியூக் நாடாக உயர்த்தியபோது, கிராஃப் எனப்படும் பிரபுவாக இருந்த எபர்ஹார்ட் முதல் டியூக் ஆனார். அந்தப் பட்டத்தை அவர் ஓராண்டுகூட முழுமையாகச் சூடவில்லை. 1496 பிப்ரவரியில் ட்யூபிங்கனில் இறந்தார். ஓடும் வண்டியில், பாதிப் பேர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், ஒரு நாட்டின் ஒருங்கிணைப்பைச் சொல்லி முடித்தது இந்த ஏற்பாட்டின் பலவீனம். நாடு பிரிந்திருந்ததையும் சேர்ந்ததையும் ஒரு வரைபடத்தோடு பத்து நிமிடம் நின்று சொல்வதற்கு வழியில் எத்தனையோ இடங்கள் உண்டு.

இனி, நான் இந்த மதிப்புரையை எழுதக் காரணமான குறைக்கு வருகிறேன். ட்யூபிங்கனில் பல்கலைக்கழகம் பற்றி வழிகாட்டி நிறைவாகவே பேசினார். 1477-இல் நிறுவப்பட்டது, முதல் தலைவர், எபர்ஹார்டுக்குச் சிறுவயதில் ஆசானாக இருந்த நவுக்ளேருஸ், சிண்டல்ஃபிங்கன் ஊரின் திருச்சபை வருவாயை இங்கே மாற்றித்தான் செலவுக்கு வழிசெய்தார்கள் என்றெல்லாம் விளக்கினார். ஆனால் அதே 1477-ஆம் ஆண்டின் அடித்தள ஆவணத்தில், யூதர்கள் ட்யூபிங்கனில் வாழக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. 1492-இல் எழுதிய இறுதி விருப்பமுறியில் எபர்ஹார்ட் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தார். அவருக்குப்பின் அது நாட்டின் சட்டத்தில் ஏறி, சில விதிவிலக்குகளோடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது. இவ்வளவும் எங்கள் நடையில் இடம்பெற்றது, வண்டியிலிருந்து இறங்கும்போது சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தில்: "யூதர்களை அவர் விரும்பவில்லை, அது அந்தக் காலத்து வழக்கம்."

அந்த வாக்கியம் போதாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். விருப்பு வெறுப்பு என்பது வேறு. ஆவணத்தில் எழுதி, முத்திரையிட்டு, வாரிசுகளையும் கட்டுப்படுத்திய ஆணை என்பது வேறு. குடும்பங்கள் வீடிழந்து ஊரிழந்து வெளியேறின. ட்யூபிங்கனின் பழைய நகரில் 'யூதர் தெரு' என்று பொருள்படும் யூடன்காஸ்ஸே இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. சந்தைச் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடைதான். நாங்கள் அந்தப் பக்கமே செல்லவில்லை. ஒரு பிரபுவின் குடும்பத்தை நாள் முழுவதும் அன்போடு அறிமுகப்படுத்தும் நடை, அவர் கலைத்த குடும்பங்களுக்காக அந்தத் தெருவில் கால்மணி நேரமாவது நிற்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரில் எபர்ஹார்ட் நீடிக்கலாமா என்ற கேள்வி அண்மையில் அங்கே வெளிப்படையாக விவாதிக்கப்பட்டு, பெயரை மாற்றுவதில்லை என்று 2022-இல் முடிவெடுக்கப்பட்டது. ஊரே பேசிய ஒன்றை விருந்தினர்களிடமிருந்து மறைப்பதில் பயனில்லை.

நான் இதைக் கேட்டபோது வழிகாட்டி தட்டிக்கழிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். நெக்கார் ஆற்றங்கரையில் நின்று, ஆவணங்களில் என்ன இருக்கிறது என்பதைத் தெளிவாகவும் பொறுமையாகவும் சொன்னார்; ஆழமாகப் படித்திருக்கிறார் என்பது தெரிந்தது. குழுவில் இருந்த அனைவரும் அருகே வந்து கேட்டார்கள். சிலர் இதனால் மனம் சங்கடப்படுவார்கள் என்று எண்ணி நிகழ்ச்சியிலிருந்து விலக்கியிருப்பதாகச் சொன்னார். அந்த எண்ணம் தவறு என்பதற்கு அன்றைய குழுவே சான்று. இதே காரணத்தால், காட்டில் எந்தக் குடியானவரின் மடியிலும் தலைவைத்து அச்சமின்றி உறங்கக்கூடிய ஆட்சியாளர் என்று எபர்ஹார்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் யுஸ்டினுஸ் கெர்னர் பாடியதை மட்டும் சொல்லி முடித்ததும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஷ்டுட்கார்ட் பூங்காவில் அந்தக் காட்சி சிலையாகவே நிற்கிறது. அந்தப் புகழும் உண்மையான வரலாறுதான். ஆனால் எல்லோர் மடியும் அதில் அடங்கவில்லை.

ஷ்டிஃப்ட்ஸ்கிர்ஹே தேவாலயத்தில் கழிந்த கடைசி ஒரு மணி நேரம் மீண்டும் உயர்ந்த தரத்தில் இருந்தது. எபர்ஹார்ட் முதலில் இங்கே அடக்கம் செய்யப்படவில்லை. ஷோன்புஹ் காட்டில் ஐன்ஸீடல் என்ற இடத்தில் 1492-இல் அவர் ஏற்படுத்திய சமயக் குடியில், துறவிகளும் பிரபுக்களும் நகரத்தாரும் ஒன்றாக நீல ஆடை உடுத்து வாழ்ந்தார்கள். தம்மையும் அந்த எளிய நீல ஆடையிலேயே அங்கே அடக்கம் செய்யச் சொன்னார். சமயச் சீர்திருத்தத்துக்குப்பின், பதினாறாம் நூற்றாண்டில் உடல் ட்யூபிங்கனுக்குக் கொண்டுவரப்பட்டது. கூட்டர்ஷ்டைன் மடத்தில் இருந்த தந்தை லுட்விக், தாய் மெக்டில்ட் ஆகியோரின் நினைவுச்சின்னங்களும் இங்கே வந்துசேர்ந்தன. நான்கு வயதில் தந்தையை இழந்து, தாயின் மறுமணத்தால் அவரைப் பிரிந்த பிள்ளை, பெற்றோர் இருவரோடும் ஒரே கூரையின்கீழ் இருப்பது இங்கேதான் என்று வழிகாட்டி மெல்லிய குரலில் சொன்னார். கல்லில் படுத்திருக்கும் மெக்டில்டின் உருவத்தை நெருங்கிப் பார்க்க ஒவ்வொருவருக்கும் நேரம் தந்தார்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். யூடன்காஸ்ஸே சேர்க்கப்பட்டு, பார்பராவுக்கு உரிய நேரம் கிடைத்தால் தயக்கமின்றி நான்கரை தருவேன். இதை நடத்துபவர்களுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன். கற்பாவிய தெருக்களில் நாள் முழுதும் நடக்க வேண்டியிருப்பதால் முதியவர்கள் நல்ல காலணியோடு வருவது நலம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது பொருந்தாது.

ஊராக்கில் முந்தைய நாளே தங்குவதற்கு வசதியுள்ளவர்கள், இந்த நடையில் சேர்க்கப்படாத ஹோஹென்ஊராக் கோட்டையின் இடிபாடுகளுக்குத் தாமாக ஏறிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இளைய எபர்ஹார்டின் தம்பி ஹைன்ரிஹ் மனநிலை பாதிக்கப்பட்டவர் என்று கூறி, 1490-இல் நம் எபர்ஹார்ட் அவரை அங்கே சிறைவைத்தார். 1519-இல் இறக்கும்வரை அவர் விடுதலை பெறவில்லை. மனைவி ஏவா அவரோடு அங்கேயே வாழ்ந்தார். அவர்களுக்கு 1498-இல் கேயோர்க் என்ற மகன் பிறந்தான். ஊராக் அரண்மனையின் சுவரில் இத்தனை குலச்சின்னங்களை எழுதிவைத்த எபர்ஹார்டின் நேர்வழி அவரோடு முடிந்துபோக, 1593 முதல் வுர்ட்டம்பெர்க்கை ஆண்ட டியூக்குகள் அனைவரும் அந்தக் கேயோர்க்கின் வழியில் வந்தவர்களே.